பலாங்கொடை மலைச்சாரலில் மணமுறிவும் தாபரிப்பும்

இரத்தினபுரியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே பலாங்கொடை ஒரு சிறு நகரம். அதன் கடைத்தெருவில் கண்டியச் சிங்களக் குடியானவரும், முஸ்லிம் வணிகரும், இராசகலை, பெட்டியாகல, மாரதென்ன முதலிய தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் தமிழ்த் தொழிலாளரும் தோளோடு தோள் உரசிச் செல்வர். மூவரும் ஒரே கடையில் உப்பும் புளியும் வாங்குவர். ஒரே பேருந்தில் இடத்துக்கு முந்துவர். ஆயினும் இம்மூவருள் ஒருவருடைய இல்லறம் முறிந்து போகுமாயின், அவர் சென்று தட்டவேண்டிய கதவு மற்ற இருவருடைய கதவன்று. ஒரே ஊரில் மணமுறிவுக்கு மூன்று கதவுகள். அவற்றுள் ஏறுவதற்கு அரிய படிகளை உடைய கதவு தோட்டத்துப் பெண்ணுக்கு வாய்த்தது எவ்வாறு என்பது, சட்ட நூலோர் மட்டுமன்றி வரலாறு கற்போரும் அறியவேண்டிய செய்தி.

முதலில் கண்டியரின் கதவைப் பார்ப்போம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், அந்நாட்டு ஆடவரும் பெண்டிரும் மனம் ஒவ்வாதபோது எளிதிற் பிரிந்து வேறு மணம் செய்துகொண்டதை வியப்போடு குறித்துள்ளார். மனைவி கணவன் வீட்டுக்குச் செல்லும் மணத்தைத் 'தீக' என்றும், கணவன் மனைவி வீட்டுக்கு வந்து வாழும் மணத்தைப் 'பின்ன' என்றும் கண்டியர் வழங்கினர். பின்ன முறையில் வந்த கணவன், ஊன்றுகோல் ஒன்றும், தாழங்குடையாகப் பிடிக்கும் தாளிப்பனையோலை ஒன்றும், தீப்பந்தம் ஒன்றும் வாயிற்புறத்தில் எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று என்பது அவர்களிடையே வழங்கிய பேச்சு. மழையாயினும் இருளாயினும் போ என்றால் போகவேண்டியதுதான். இதில் நகைச்சுவை இருப்பினும், பெண்ணின் வீடு பெண்ணுக்கே உரியது என்ற உறுதியும் இருக்கிறது.

ஆங்கிலேயர் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் கண்டியரின் மணங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தனர். ஒருவனுக்குப் பல மனைவியரும், ஒருத்திக்குப் பல கணவரும் இருக்கும் வழக்கத்தை விலக்கினர். கண்டிய மக்களோ பதிவாளரிடம் போவதில் ஊக்கங் காட்டவில்லை. சட்டத்தின் கண்ணில் எண்ணற்ற இல்லறங்கள் இல்லறமே அல்லாதவை ஆயின. இந்த இக்கட்டைக் கண்ட அரசு 1870இல் மணமுறிவை மறுபடியும் எளிதாக்கியது. இருவரும் ஒப்பினால் போதும். அல்லது ஓராண்டு பிரிந்து வாழ்ந்து, ஒன்றாக மகிழ்ந்து வாழ இயலாமையைக் காட்டினால் போதும். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் இவ்வழியைக் காத்தது. இதற்கு நீதிமன்றம் வேண்டா. மாவட்டப் பதிவாளரே விசாரித்துத் தீர்ப்பார்.

முஸ்லிம்களின் கதவு காதியிடம் திறந்தது. 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் காதி மன்றுகளுக்கு வழிவகுத்தது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதனைத் திருத்தி அமைத்தது. அம்முறையிலும் பெண்களுக்குக் குறைகள் உண்டு. அவை தனியே பேசுதற்குரியன.

இனித் தோட்டத் தமிழர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக வந்த இம்மக்களுக்கு இலங்கைச் சட்டத்தில் தமக்கென ஒரு முறைமை இல்லை. யாழ்ப்பாணத்தாரின் தேசவழமை அவர்களைச் சாராது. கண்டிய நாட்டில் வாழ்ந்தும் கண்டியச் சட்டம் அவர்களைச் சாராது. எஞ்சியது நாட்டின் பொதுச் சட்டம். அதன் வேரோ உரோமன் ஒல்லாந்தச் சட்டம். ஒல்லாந்தரின் ஆட்சி நிலைபெறாத ஒரு மலையில், ஒல்லாந்தரை ஒருபோதும் கண்டிராத ஒரு மக்களின் தாலியை அவிழ்ப்பதற்கு, ஒல்லாந்து நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையார் வகுத்த நியாயங்கள் வேண்டப்பட்டன என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

அந்த நியாயங்களை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றாகச் சுருக்கிக் கூறியது. மணத்தின் பின் நிகழ்ந்த சோரம் ஒன்று. வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல் ஒன்று. மணம் நிகழ்ந்த வேளையிலேயே இருந்த, தீர்க்க இயலாத ஆண்மைக் குறை போன்ற உடற்குறை ஒன்று. அடியும் உதையும் இப்பட்டியலில் நேரே இடம்பெறவில்லை. கொடுமை தாங்காது மனைவி வெளியேறினால், வெளியேறியவள் அவளாயினும் கைவிட்டவன் அவனே என்று வழக்குரைஞர் வாதித்து, அதனைக் கைவிடலின் ஒரு வகையாக நிறுவவேண்டும். நீதிமன்றங்கள் இவ்வாதத்தை ஏற்றன என்பது உண்மை. ஆனால் அத்தகைய வாதத்தை எடுத்துரைக்க ஒரு வழக்குரைஞர் வேண்டுமன்றோ? இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு இச்சட்டத்தில் வழியே இல்லை. ஒருவர் குற்றவாளியாகவே வேண்டும்.

வழக்கின் போக்கும் நீண்டது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கவேண்டும். சோரம் காரணமாயின் யாரோடு என்பதைச் சொல்லி மெய்ப்பிக்கவேண்டும். லயத்திலே ஒரு காம்பராவின் பேச்சு அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். எல்லார்க்கும் எல்லாம் தெரியும். எனினும் இரத்தினபுரிவரை சென்று கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல அண்டை வீட்டார் முன்வருவரோ? நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணத்துக்குப் பேருந்துச் செலவும், அன்றைய பெரட்டில் பெயர் விழாத காரணத்தால் இழக்கும் நாட்கூலியும் உண்டு. தவணை தள்ளித் தள்ளிப் போடப்பட்டால் அத்தனை முறையும் அதே இழப்பு. தீர்ப்புக் கிடைத்தாலும் அது முதலில் இடைக்காலத் தீர்ப்பே. மூன்று மாதம் சென்ற பின்னரே முடிந்த தீர்ப்பாகும். வழக்கு நடக்கும் காலத்துக்கும் அதன் பின்னரும் மனைவிக்குப் பணம் கொடுக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். சொத்தை எழுதிக் கொடுக்கவும், மொத்தத் தொகை ஒன்று செலுத்தவும் கட்டளையிடலாம். கணவனுக்குச் சொந்தமான கூரைகூட இல்லாத லயத்தில் எழுதிக் கொடுக்க என்ன இருந்தது என்பது வேறு கேள்வி.

இவற்றினும் பெரிய தடை ஒன்று 1895இல் எழுந்தது. அதற்குக் காரணமானவர் தோட்டத் தொழிலாளர் அல்லர்; இலங்கை ஆட்சிச் சேவையில் இருந்த லீ மெசூரியர் என்னும் ஆங்கிலேய உத்தியோகத்தர். அவர் தம் மனைவியை விலக்கக் கோரி இலங்கை நீதிமன்றத்தில் வழக்கிட்டார். வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகம்வரை சென்றது. ஒருவருடைய மணத்தை முறிக்கும் அதிகாரம் அவர் நிலையான வாழ்விடமாகக் கொண்ட நாட்டின் நீதிமன்றத்துக்கே உரியது. ஓரிடத்தில் உத்தியோகத்துக்காகத் தங்கியிருத்தல் போதாது. லீ மெசூரியரின் வாழ்விடம் இங்கிலாந்து. ஆகவே இலங்கை நீதிமன்றம் அவ்வழக்கைக் கேட்க இயலாது என்று கழகத்தார் தீர்த்தனர். பேரரசு எங்கணும் வழக்குரைஞர்கள் மேற்கோள் காட்டிய தீர்ப்பு இது.

ஓர் உத்தியோகத்தரின் இல்லற வழக்கில் பிறந்த இந்த விதி தோட்டத்து லயம்வரை நிழல் வீசக்கூடியது. கடல் கடந்து வந்து தேயிலைக் கன்று நட்டவன் இத்தீவை நிலையான வாழ்விடமாகக் கொண்டவனா, அல்லது என்றேனும் இராமநாதபுரம் திரும்பும் எண்ணத்தோடு தங்கியிருப்பவனா? மணமுறிவு கேட்டு வந்தவளிடம் முதலில் கேட்கத்தக்க கேள்வி அதுவே. மனைவியின் வாழ்விடம் கணவனின் வாழ்விடத்தையே தொடரும் என்பது அக்காலத்து விதி. ஆகவே கணவன் ஊர் திரும்பி அங்கேயே நிலைத்துவிட்டால், மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்த மனைவியும் சட்டத்தின் கண்ணில் கடலுக்கு அப்பால் வாழ்பவள் ஆகிவிடுவாள். கைவிடப்பட்டதற்கு நீதி கேட்க, கைவிட்டவன் போன நாட்டுக்கே அவளும் போகவேண்டும். இதே வாழ்விடக் கேள்வியே 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் வாக்குரிமைக்கும் அளவுகோலாயிற்று என்பதை நினைக்கும்போது, லயத்துப் பெண்ணின் தாலியும் நாட்டின் அரசியலும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தமை புலனாகும்.

இம்மக்கள் மணமுறிவு அறியாதவர் அல்லர். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் உழைக்கும் சாதியார் பலரிடையே பஞ்சாயத்தின் முன் மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. மதுரைப் பக்கத்துக் கள்ளர் சமூகத்தில் கணவன் உறவினர் முன்னிலையில் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணம் முறிந்ததாகக் கொள்ளப்பட்டமையையும், 'துரும்பு கொடுத்தல்' என்ற தொடரே மணவிலக்கைக் குறித்தமையையும் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் பதிந்துள்ளது. ஒரு துரும்போடு முடிந்துவிடும் காரியம். மூன்று நியாயங்களும் வேண்டா, மூன்று மாதமும் வேண்டா.

தோட்டத்திலும் கோயில் முன்றிலில் கூடும் பஞ்சாயத்தே முதல் நீதிமன்றம். பெரிய கங்காணி அதன் தலைமையில் இருப்பார். அவரைப் பற்றற்ற நடுவர் என்று சொல்ல இயலாது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் கடன் கங்காணியின் கணக்கில் நின்றது. கணவனும் மனைவியும் பிரிந்து ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் அவருடைய ஆள்தொகையும் கணக்கும் குலையும். ஆகவே சேர்ந்து வாழுங்கள் என்று அவர் சொன்ன அறிவுரையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு கணக்கு என்று பிரித்தறிதல் கடினம். ஆயினும் சிலவேளைகளில் பஞ்சாயத்தே பிரித்தும் வைத்தது. பிரிந்தவர் வேறொருவரோடு சேர்ந்து, பிள்ளை பெற்று, ஊரறிய வாழ்ந்தனர்.

இங்கேதான் சட்டமும் வழக்கமும் மோதின. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட மணவிலக்கை ஏற்று, அதற்கெனத் தனிப் பிரிவு ஒன்றையே ஒதுக்கியது. இலங்கையின் 1907ஆம் ஆண்டுச் சட்டமோ, நீதிமன்றத் தீர்ப்பின்றி எந்த மணமும் முறியாது என்று கூறியது. மதுரையில் தங்கிவிட்ட தமையனுக்குச் செல்லுபடியாகக்கூடிய பிரிவு, பலாங்கொடைக்கு வந்த தம்பிக்குச் செல்லாது. பஞ்சாயத்தில் பிரிந்தவர் சட்டப்படி இன்னும் கணவனும் மனைவியுமே. இரண்டாவது துணை மனைவியல்லள். அவள் பெற்ற மக்கள் முறைப்படி பிறந்தவராகார். 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்த பின்னர், இறந்த தொழிலாளியின் பணத்துக்கு உரியவள் யார் என்ற கேள்வியிலும் இந்தப் பழைய முடிச்சு தலைகாட்டத்தக்கதாயிற்று.

மாவட்ட நீதிமன்றம் எட்டாத தொலைவிலும், பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் புறத்திலும் நின்றபோது, தோட்டத்துப் பெண்ணுக்கு மெய்யாக உதவிய கதவு வேறொன்று. அது 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம். போதிய வருவாய் உள்ள ஒருவன் தன் மனைவியையோ, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத தன் மக்களையோ பேணாது விட்டால், நீதவான் அவனை மாதந்தோறும் பணங் கட்டுமாறு பணிக்கலாம். மக்கள் முறைப்படி பிறந்தவராயினும் அல்லராயினும் இவ்வுரிமை உண்டு. இதற்கு மணம் முறியவேண்டியதில்லை. நிலையான வாழ்விடம் எது என்ற ஆராய்ச்சியும் இல்லை. கட்டத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையிடவும் நீதவானுக்கு அதிகாரம் இருந்தது. சிறைக்குப் போனவன் கவ்வாத்தும் வெட்டான், காசும் கட்டான் என்பது வேறு. சிறையின் அச்சம் கட்டச் செய்தவரும் உளர்.

தோட்டத்துப் பெண்ணின் மணமுறிவுச் சட்டம் உண்மையில் இந்தத் தாபரிப்புச் சட்டமே என்று கூறினும் மிகையாகாது. மணத்தை முறிக்கும் தீர்ப்பை விட மாதம் கிடைக்கும் ரூபாய் அவளுக்கு வேண்டியதாயிருந்தது. அன்றியும், முறைப்படி விவாகரத்துப் பெற்றவள் 'மனைவி' என்ற நிலையை இழந்துவிடுவாள். நீதவானிடம் தாபரிப்புக் கேட்கும் உரிமையும் அதனோடு போய்விடும். பின்னர் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பில் எழுதப்பட்டதையே நம்பியிருக்கவேண்டும். ஆகவே முறியாத மணமே அவளுக்கு ஒருவகைக் காப்பு ஆயிற்று. இது இழிந்த காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறு காப்பு இல்லை.

இந்தக் கதவிலும் கண்ணிகள் இருந்தன. சோரத்தில் வாழும் மனைவிக்கும், தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுப்பவளுக்கும், இருவரும் ஒப்பிப் பிரிந்து வாழும்போது மனைவிக்கும் தாபரிப்பு இல்லை. பஞ்சாயத்தில் எல்லார் முன்னிலையிலும் சரி என்று தலையசைத்துப் பிரிந்தவள் நீதவான் முன் வந்தால், ஒப்பிப் பிரிந்தவள் என்ற எதிர்வாதத்துக்குத் தானே சான்றாகிவிடுவாள். ஆக, கோயில் முன்றிலின் தீர்ப்பு மணத்தை முறிக்கும் வலிமை இல்லாதது. ஆனால் தாபரிப்பைக் கெடுக்கும் வலிமை உடையது. இதனை அவளுக்கு முன்கூட்டிச் சொல்ல அங்கே எவரும் இருந்ததில்லை.

மற்றொரு கண்ணி, 'இவள் என் மனைவியே அல்லள்' என்று கணவன் கைவிரிப்பது. தோட்டத்து மணங்கள் பல தாலிகட்டோடு நின்றவை. பதிவாளர் புத்தகத்தில் ஏறாதவை. பதிவு மணத்துக்குச் சிறந்த சான்றே தவிர ஒரே சான்று அன்று என்பதே இலங்கைச் சட்டம். 1881இலேயே, இலங்கையிலிருந்து சென்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கில், ஓர் ஆடவனும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தமை மெய்ப்பிக்கப்பட்டால், மாறாக நிறுவப்படும்வரை அவர்கள் முறைப்படி மணந்தவரென்றே சட்டம் கொள்ளும் என்று கோமறைக் கழகம் உரைத்தது. தாலி கட்டியதைக் கண்டவரும், ஒரே அடுப்பில் உலை வைத்ததைக் கண்டவரும் சாட்சி சொன்னால் அவள் வெல்லலாம். தோற்றால், பிள்ளைக்காக மட்டும் கேட்கலாம். அப்போதோ தந்தை இவன்தான் என்ற தாயின் சொல் மட்டும் போதாது, வேறு சான்றும் வேண்டும்.

எழுதாத மணத்தின் விலை 1948க்குப் பின் ஏறிற்று. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1949இல் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போர், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு முன் இடையறாது இங்கு வாழ்ந்ததைக் காட்டவேண்டும். மணமானவர்க்கு 7 ஆண்டு. மணமாகாதவர்க்கும், துணையை இழந்தவர்க்கும், மணம் முறிந்தவர்க்கும் 10 ஆண்டு. துரும்பு வாங்கிய பெண் இவற்றுள் எந்த வரிசையில் நிற்பாள்? பஞ்சாயத்து அவளை மணம் முறிந்தவள் என்றது. சட்டம் அவளை மணமானவள் என்றது. அவள் கையிலோ இரண்டையும் காட்டத் தாளொன்றும் இல்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், பலாங்கொடை ரத்வத்தைக் குடும்பத்தின் மகளான பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்த எண்களுக்குள் ஒரு வீட்டில் ஒருவர் அங்கும் ஒருவர் இங்கும் என்ற பிரிவுகளும் அடங்கின. தலைமன்னாரில் கப்பலேறிய கணவன் கடிதம் எழுதாது விட்டால், பலாங்கொடை நீதவானின் அழைப்பாணை அவனை எங்ஙனம் எட்டும்? இலங்கையும் இந்தியாவும் 1921ஆம் ஆண்டிலேயே, ஒரு நாட்டில் பிறந்த தாபரிப்புக் கட்டளையைப் பேரரசின் பிற நாடுகளில் நிறைவேற்றுவதற்கான சட்டங்களை இயற்றியிருந்தன. ஏட்டில் வழி இருந்தது. தமிழ்நாட்டிலே எந்த ஊரில், எந்த முகவரியில் அவன் இருக்கிறான் என்று சொல்லத் தெரியாதவளுக்கு அந்த ஏட்டால் பயன் யாது?

மணமுறிவின் நியாயங்களைத் தளர்த்தும் முயற்சிகள் மெல்லவே நடந்தன. திருமணம், விவாகரத்து ஆகியன பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை 1959இல் வெளிவந்தது. 1977இல் நடவடிக்கைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தவர் விவாகரத்துக் கேட்கலாம் என்ற வாசகம் நுழைந்தது. ஏழாண்டுப் பிரிவே போதும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் பொருள் கொண்டது. போதாது, குற்றமும் மெய்ப்பிக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் மறுத்தது. வந்த காற்று வந்த வழியே போயிற்று. 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வழக்குரைஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்க்கு ஒரு துணை ஆயிற்று. 1988இல் அரசியலமைப்பில் செய்த திருத்தத்தின்படி, சப்பிரகமுவையில் நீதிமன்றத்தின் மொழி சிங்களமாயினும், தமிழில் முறையிடவும் மொழிபெயர்ப்புப் பெறவும் தமிழர்க்கு உரிமை உண்டு. ஆயினும் சிங்களத்தில் வந்த அழைப்பாணையைக் கடைத்தெருவில் யாரிடமேனும் கொடுத்துப் படிப்பித்துக் கேட்கும் வழக்கம் எளிதில் மறையவில்லை.

தாபரிப்பிலே மாற்றம் உறுதியாக வந்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் 110 ஆண்டுப் பழமையான கட்டளைச் சட்டத்தை நீக்கியது. மனைவி என்ற இடத்தில் வாழ்க்கைத் துணை என்ற சொல் வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத கணவனும் கேட்கலாம். உடல் நலிந்த மக்களுக்கும், 18 வயது கடந்து 25க்குட்பட்டோர்க்கும் வழி பிறந்தது. கட்டத் தவறியவனின் சம்பளத்தைக் கட்டுப்படுத்தி அங்கிருந்தே பணத்தைப் பெறவும் சட்டம் இடந்தந்தது.

தோட்டத்துக்கு இந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் பொருந்தும். அங்கே ஒவ்வொருவர் உழைப்பும் செக்ரோலில் ஏறுகிறது, எவர் என்ன பெறுகிறார் என்பதை மறைக்க வழியில்லை. பெண்ணுக்கும் ஆணுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்கூலி என்பது 1984இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும், மனைவி எடுத்த கொழுந்துக்கான சம்பளத்தைச் சம்பள மேசையில் கணவனே கைநாட்டு வைத்து வாங்கிச் செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. அதே மேசையில்தான், 1999க்குப் பின், நீதவானின் கட்டளை வந்தால் கணவனின் சம்பளத்திலிருந்து மனைவிக்கு உரியதைப் பிரித்து எடுக்கவேண்டியதாயிற்று.